‘இது எத்தனை லட்சம் போகும்?’ – பழைய காசு விற்பவர்கள் புதியவர்களுக்கு என்ன பதில் எழுதுவது

சதக்காசு
இக்மன் விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக் குழுக்களிலும் இலங்கைக் காசு விற்கிற எல்லாருக்கும் வருவது ஏறக்குறைய ஒரே ஏழெட்டுக் கேள்விதான். "அசலா?", "வெள்ளியா?", "கடைசி விலை?", "ஏன் மினுக்கி வைக்கேல்ல?", "என்னட்டையும் ஒன்று இருக்கு, எத்தனை லட்சம் போகும்?" கேட்பவர் காசு பார்க்கத் தொடங்கி ஒரு கிழமை ஆகியிருக்கும். ஒரு வரியில் பதில் போட்டால் நம்ப மாட்டார், நீட்டி எழுதினால் வாசிக்க மாட்டார். நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்? இங்கே சேர்த்து வைத்தால் இந்த இழையையே அனுப்பிவிடலாம்.

செட்டியார்தெரு தராசு
"அசலா?" என்பதற்கு "நூறு வீதம் அசல்" என்று எழுதுவது பதில் இல்லை. போலி விற்பவனும் அதையேதான் எழுதுகிறான். எண்ணைக் கொடுங்கள்: எடை, விட்டம், விளிம்பு எப்படி இருக்கிறது, காந்தம் பிடிக்கிறதா இல்லையா.

அதிகம் கேட்கப்படுவது விக்டோரியா காலத்து இந்திய வெள்ளி ரூபா. அடிக்கும்போது அதன் எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 வீதம், விட்டம் முப்பது மில்லிமீற்றருக்குச் சற்று மேல். கைமாறித் தேய்ந்தது 11.4, 11.5 காட்டும். அது வழமை. 10.8 காட்டினால் கையைப் பின்னுக்கு இழுங்கள். 11.9 காட்டினாலும் அப்படியே. தேய்மானத்தால் காசு கனமாவதில்லை.

தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்கு ஒரு கிராம் தாவும், இதற்கு உதவாது. விட்டத்துக்கு வேர்னியர். பாடசாலை அடிமட்டத்தால் அளந்து எழுதுவதைவிட எழுதாமல் விடுவது நல்லது.

பனைமரம்1870
எடை மட்டும் போதாது அண்ணை. கனமான கலவையில் கொஞ்சம் தடிப்பாக வார்த்தால் எடையைச் சரிக்கட்டிவிடலாம். அடர்த்தியை ஏமாற்றுவது கடினம். வீட்டிலேயே பார்க்கலாம்:

தராசில் ஒரு சிறிய கோப்பைத் தண்ணீர் வைத்து அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுதாக மூழ்கும்படி இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் முட்டக் கூடாது, நூலைக் கையில் பிடித்தபடியே நில்லுங்கள். அப்போது தராசு காட்டுவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வரும்.

11.60 கிராம் ரூபா தண்ணீரில் 1.12 அல்லது 1.13 காட்டினால் அடர்த்தி 10.3 சொச்சம். 91.7 வெள்ளிக்கு வரவேண்டியது அதுதான். செப்பு-நிக்கல் கலவை என்றால் 1.30 அளவில் காட்டும், அடர்த்தி 8.9.

பிழை வருவது இரண்டு இடத்தில். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாகக் காட்டும், நூலைத் தட்டி விடுங்கள். சின்னக் காசுகளில் 0.01 கிராம் பிசகே விடையை மாற்றிவிடும், அதனால் 10 சதம் போன்றவற்றுக்கு இந்த முறையை நம்ப வேண்டாம். பிறகு தண்ணீரை ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். புழங்காத காசை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

புதுசு_கொட்டாஞ்சேனை
காந்தம் பிடிக்காவிட்டால் வெள்ளி என்று யூடியூபில் சொல்கிறார்களே? அப்படி எழுதலாம்தானே?

செட்டியார்தெரு தராசு
எழுதாதீர்கள் தம்பி. காந்தம் பிடித்தால் அது வெள்ளி இல்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். பிடிக்காவிட்டால் ஒன்றும் தெரியாது. பித்தளையையும் பிடிக்காது, செப்பையும் பிடிக்காது, செப்பு-நிக்கலையும் பிடிக்காது.

இதற்குக் கொழும்பில் தினமும் நடக்கிற உதாரணம் 1957 புத்த ஜயந்திக் காசு. அந்த வருடம் இரண்டு வந்தன. 5 ரூபா வெள்ளி: 28.28 கிராம், 92.5 வீதம், அதாவது உள்ளே ஏறக்குறைய 26 கிராம் வெள்ளி. 1 ரூபா செப்பு-நிக்கல், வெள்ளி துளியும் இல்லை. இரண்டையும் காந்தம் பிடிக்காது, இரண்டும் வெள்ளையாக இருக்கும், இரண்டிலும் 1957. ஒரு ரூபாவை "வெள்ளிக் காசு" என்று போட்டு விற்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் வாங்கினவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்று. "இலங்கை விக்டோரியா ரூபா இருக்கா?" என்று கேட்பார்கள். இல்லை. 1957க்கு முன் இலங்கைக்கென்று ஒரு ரூபாக் காசு அடிக்கப்படவில்லை, இங்கே புழங்கியது இந்திய வெள்ளி ரூபா. பிரித்தானியர் காலத்து இலங்கை வெள்ளிச் சதக் காசுகள் 10, 25, 50 சதம். 1892இல் தொடங்கியபோது 80 வீத வெள்ளி, 1919 முதல் 55 வீதம். "பழைய 50 சதம், வெள்ளி" என்று எழுதினால் அரைப் பதில். ஆண்டையும் வீதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

புறக்கோட்டை நானா
மினுக்குகிற கதைக்கு வருவோம். "ஏன் கறுத்திருக்கு, கழுவித் தாங்க" என்று கேட்பவருக்கு ஒரு பதில்: கழுவினால் விலை விழும், கழுவ மாட்டேன்.

ஏன் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். வெள்ளியில் வருகிற கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகிற படலம். அது காசின் மேற்பரப்பிலேயே உருவானது. அதை எடுத்தால் மேற்பரப்பையும் சேர்த்து எடுக்கிறீர்கள். நம்மட வீடுகளில் வெள்ளிக்கு விபூதி, செம்புக்குப் புளி. விளக்குக்கும் குடத்துக்கும் சரி. காசுக்கு விபூதி என்றால் அது மிக நுண்ணிய உப்புத்தாள். கோடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரே ஒரு விளக்கின் கீழ் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள், ஒரே திசையில் மயிரிழை மயிரிழையாக ஓடும். புளி வேறு மாதிரி. அமிலம் செப்பை அரித்து, காசு புதுப் பொம்மை மாதிரி ரோஸ் நிறத்தில் நிற்கும். எழுத்தின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு மிஞ்சியிருக்கும். அந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் புளி பட்ட காசுதான்.

மஞ்சள்அட்டை
நானா சொன்னதோடு ஒரு திருத்தம். அழுக்கு வேறு, கறுப்பு வேறு. மேலே ஒட்டிய எண்ணெய், ஒட்டுநாடாப் பசை, பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்த பச்சைப் பிசுபிசுப்பு – இவற்றை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். தூய அசிட்டோனில் ஊறவிட்டு, வேறு தூய அசிட்டோனில் அலசி, தானாக உலர விடுங்கள். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிப் பாத்திரம், திறந்த யன்னல், பக்கத்தில் நெருப்பு இல்லாமல். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, கறுப்பையும் எடுக்காது.

அந்தப் பச்சைப் பிசுபிசுப்பு மென்மையான பிவிசி உறைகளால் வருவது. புறக்கோட்டையில் வாங்குகிற மலிவான ஆல்பங்களில் பெரும்பாலானவை அந்த ரகம். புதிதாக இருக்கும்போதே ஒரு மணம் வரும், வளைத்தால் ரப்பர் மாதிரி வளையும். மைலார் உறை விறைப்பாக, சத்தம் போடும். கொழும்புச் சூட்டிலும் ஈரத்திலும் பிவிசி சீக்கிரம் கசியும், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேரும். மூடுகிற டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை, அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

புதுசு_கொட்டாஞ்சேனை
சரி, லட்சக் கேள்வி. "வைஷ்ணவி தேவி காசு இருக்கு, பத்து லட்சமாம்" என்று வருகிறவருக்கு?

பனைமரம்1870
வைஷ்ணோ தேவி 5, 10 ரூபாக் காசுகள் 2012இல் இந்தியாவில் வந்தவை, புழக்கத்தில் ஏராளம். பத்து லட்சம் என்பது யாரோ விளம்பரத்தில் போட்ட விலை. விளம்பரத்தில் எதையும் போடலாம். ஈபேயில் "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள், உண்மையில் கைமாறிய விலை அங்கேதான் தெரியும். அந்தப் படத்தை எடுத்து அனுப்பினால் பத்து வரி எழுதத் தேவையில்லை.

நுமிஸ்டா தளத்தில் காசின் பக்கத்தைக் காட்டுவதும் நல்லது. எடை, உலோகம், அடித்த ஆண்டுகள் எல்லாம் அங்கே இருக்கும். அதில் வருகிற கேஎம் எண்ணை (உலக நாணயப் பட்டியலில் அந்தக் காசின் இலக்கம்) உங்கள் விளம்பரத்திலும் எழுதுங்கள். வாங்குபவர் தானே தேடிக்கொள்வார், பாதிக் கேள்வி அதோடு நின்றுவிடும்.

செட்டியார்தெரு தராசு
அப்படிக் கேட்பவரிடம் இன்னொரு விஷயத்தையும் சொல்லி வையுங்கள், அவருடைய நன்மைக்கு. "உங்கள் காசை லட்சத்துக்கு எடுக்கிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் போடுங்கள்" என்று வட்ஸ்அப்பில் வருபவன் கள்ளன். 2021 ஓகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே, தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வியாபாரத்தில் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள், நம்பாதீர்கள் என்று அறிவித்தது. இங்கே மத்திய வங்கிப் பெயரைச் சொன்னாலும் அதே கதைதான். காசு போடுகிறேன் என்று அட்டை இலக்கமும் ஓடிபியும் கேட்டால் உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள். கணக்கில் பணம் போட எவருக்கும் ஓடிபி தேவையில்லை.

லென்ஸ்_பத்து
"1818 கிழக்கிந்தியக் கம்பெனி, ராமர் பட்டாபிஷேகம்" என்று அரை அணா காட்டி வருபவர்களும் உண்டு. அது கம்பெனிக் காசே இல்லை, பிற்காலத்தில் விற்பனைக்கென்று செய்த வில்லை. அனுமான் போட்டதும் அப்படித்தான். "கம்பெனி சாமி உருவம் போடவே இல்லையா?" என்று யாராவது விஷயம் தெரிந்தவர் மடக்கினால், மதராஸில் அடித்த தங்க வராகனில் சுவாமி உருவம் உண்டு, அது வேறு என்று சொல்லுங்கள். செப்பு அரை அணாவில் ராமர் இல்லை.

வில்லை வைத்திருப்பவரிடம் "போலி" என்று முகத்தில் அடித்தாற்போல எழுத வேண்டாம். பூசை அறையில் இருந்து எடுத்து வந்திருப்பார். "இது நாணயம் இல்லை, நினைவு வில்லை. பூசைக்கு வைத்திருங்கள், விற்பனைக்கு விலை இல்லை" என்றால் போதும்.

பிழைக் காசு என்று வருபவர்களுக்கும் ஒரு சோதனை சொல்கிறேன். ஓரம் பிறை வடிவில் வெட்டுப்பட்டிருந்தால், நேர் எதிர்ப் பக்கத்து விளிம்பைப் பாருங்கள். அச்சடிக்குமுன் வெறும் வட்டை வெட்டும்போதே பிழைத்திருந்தால், விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில் எதிர்ப் பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காமல் அங்கே விளிம்பு மங்கி, தட்டையாக இருக்கும். எதிர்ப் பக்கம் கூர்மையாக, முழுதாக இருந்தால் யாரோ அரத்தால் அராவியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து இரட்டையாகத் தெரிந்தால், இரண்டாவது எழுத்து தட்டையாக, படி மாதிரிப் பதிந்திருக்கிறதா பாருங்கள். அது அச்சு வழுக்கியதால் வருவது, அதற்கென்று விலை இல்லை.

மஞ்சள்அட்டை
போர்க்காலத்து ஒரு சதம் பற்றியும் போடுங்கள். 1942 முதல் வந்தவை மெல்லிய வட்டில் அடித்தவை. முந்தைய சதத்தோடு ஒப்பிட்டுவிட்டு "எடை குறைவு, போலி" என்று மூன்று பேர் முறைப்பட்டிருப்பார்கள். போலி இல்லை. விலை உயர்ந்த பிழையும் இல்லை.

புதுசு_கொட்டாஞ்சேனை
பவுன் காசு? தாலிக்கொடியில் கோத்திருந்ததைக் கழற்றி விற்கக் கேட்கிறார்கள்.

செட்டியார்தெரு தராசு
பவுன் காசு என்பது சவரின், பிரித்தானியத் தங்கக் காசு. 7.98 கிராம், 22.05 மில்லிமீற்றர், 22 கரட். நாம் பவுன் என்றால் எட்டுக் கிராம் என்று பேசுவதே இதிலிருந்து வந்ததுதான். இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலாவது, தலைக்கு மேலே விளிம்பு. கொக்கி ஒட்டிக் கழற்றிய இடத்தில் பற்றாசு மிஞ்சியிருக்கும், அல்லது அராவிய தழும்பு. அது இருந்தால் சேகரிப்பு விலை போச்சு, தங்க விலைதான். இரண்டாவது, பத்தர் செய்த நகல். தங்கம் சரியாகவே இருக்கும், எடையும் சரியாக இருக்கும், உரைகல்லில் தேய்த்தாலும் 22 காட்டும். ஆனால் நாணயசாலையில் அடித்ததில்லை. எழுத்தின் ஓரம் சோப்பு மாதிரி வழுவழுப்பாக, ஆண்டு எண்ணின் இடுக்கில் சிறுசிறு கொப்புளம், விளிம்புப் பற்கள் ஒரே சீராக இல்லாமல். "தங்கம் அசல்" என்றும் "காசு அசல்" என்றும் தனித்தனியாக எழுதப் பழகுங்கள்.

பனைமரம்1870
இனிச் சட்டம். இதில் விளையாட வேண்டாம்.

ராஜராஜன் பெயர் பொறித்த செம்புக் காசு, யாழ்ப்பாண அரசர்களின் நந்தியும் ‘சேது’வும் பொறித்த காசு, ஒல்லாந்தக் கம்பெனியின் விஓசி முத்திரைத் துட்டு – இவை கேட்டுத்தான் நம் ஆட்கள் அதிகம் வருவார்கள், அதிலும் வெளிநாட்டில் இருப்பவர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை தொல்பொருள். மண்ணில் கிடைத்து வெளிப்படாமல் இருப்பவை அரசுக்குச் சொந்தம். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. கலாசாரச் சொத்துகளின் ஏற்றுமதி பற்றி 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டமும் உண்டு.

அதனால் "டொரண்டோவுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டால் பதில்: அனுமதி இல்லாமல் இல்லை. "ஒரு காசுதானே, கடிதத்துக்குள் வைத்து விடுங்கள்" என்பதற்கும் அதே பதில். "வயலில் கிடைத்தது, வாங்குவீங்களா" என்பவரிடம் விலை பேசவே வேண்டாம். திணைக்களம் கொழும்பு 7இல், சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கிறது, அங்கே அறிவிக்கச் சொல்லுங்கள். 1815க்குப் பிந்திய காசையும் நூறு வருடம் கடந்தது என்றால் கேட்டுவிட்டே வெளிநாட்டுக்கு அனுப்புங்கள்.

சதக்காசு
தபால் பற்றி? சிஓடி, அதாவது பொருள் கைக்கு வந்தபின் பணம் கட்டுவது, கேட்கிறார்கள்.

புறக்கோட்டை நானா
சிஓடி குடுக்கலாம், ஆனா கூரியர் கூலியை முன்னாலயே எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பினா ரெண்டு பக்கக் கூலியும் உங்கட தலையில்தான் விழும். கூலி மட்டும் முன்கூட்டிப் போடச் சொன்னாலே விளையாட்டுக்காரர் பாதிப் பேர் கழன்றுவிடுவார்.

பொதி கட்டும் விதம்: காசு இரண்டு அங்குலச் சதுர நாணய அட்டையில், ஸ்டேப்பிள் ஊசியின் காலைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். அட்டையை இரண்டு தடித்த கடதாசி மட்டைக்கு நடுவில் வைத்து நாலு பக்கமும் ஒட்டுங்கள். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், சத்தம் வந்தால் திரும்பக் கட்டுங்கள். மேலே "நாணயம்" என்று எழுத வேண்டாம். தபால் கந்தோரில் போடுவதென்றால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அன்றைக்கே அனுப்புங்கள். காசைச் சாதாரணக் கடிதத்தில் வைத்து வெளிநாடு அனுப்புவது உலகத் தபால் விதிகளுக்கே மாறு.

லென்ஸ்_பத்து
நல்ல காசை எடுத்துக்கொண்டு தேய்ந்ததைத் திருப்பி அனுப்புகிறவரும் உண்டு. அனுப்புமுன் இரண்டு பக்கமும் விளிம்பும் படம் எடுங்கள். அந்தக் காசில் மட்டும் இருக்கிற ஒரு கீறலையோ பள்ளத்தையோ தெரியும்படி எடுங்கள், அதுதான் அதன் கைரேகை. அட்டையின் வாயில் கிழிந்தால் தெரிகிற ஸ்டிக்கர் ஒன்று. "ஸ்டிக்கர் முழுதாக இருந்தால் ஏழு நாளுக்குள் திருப்பி எடுப்பேன்" என்று விளம்பரத்திலேயே போடுங்கள்.

படத்துக்கு ஃபிளாஷ் வேண்டாம். ஃபோனை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு சூம் செய்யுங்கள், கிட்டக் கொண்டுபோனால் ஃபோனின் நிழல் விழும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து, கீழே வெள்ளைத் தாள். காசைக் கொஞ்சம் சாய்த்து ஒரு படம் கூடுதலாக. கீறல் அதில்தான் தெரியும், தெரிய வேண்டும்.

மஞ்சள்அட்டை
"விலை இன்பொக்ஸில்" என்று போடுவதை யாராவது நிறுத்துங்கள், புண்ணியமாகப் போகும்.

புறக்கோட்டை நானா
அதில எனக்கு உடன்பாடில்லை. விலையைப் போட்டா அடுத்த கடைக்காரன் அஞ்சு ரூபா குறைச்சுப் போடுவான்.

மஞ்சள்அட்டை
போடட்டும் நானா. புதியவருக்கு விலை தெரியாவிட்டால் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள் என்றே நினைப்பார். பல இடத்தில் அது உண்மையும்கூட.

சதக்காசு
கேட்டதை வைத்து ஒரு விளம்பரம் எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்:

"1957 புத்த ஜயந்தி 5 ரூபா. அரிய வெள்ளிக் காசு! யூஎன்சி. எடை 28.21 கிராம். வெள்ளி 92.5 வீதம். காந்தம் பிடிக்காது. லேசாகச் சுத்தம் செய்யப்பட்டது. விலை கீழே. பதிவுத் தபால் கட்டணம் தனி."

லென்ஸ்_பத்து
"அரிய"வை எடுங்கள். லட்சக்கணக்கில் அடித்த காசு. "யூஎன்சி"யும் (புழங்காத காசு என்பதன் சுருக்கம்) போக வேண்டும். புழங்காத காசு 28.28க்கு மிகக் கிட்ட நிற்கும், 28.21 என்றால் மேடான இடங்களில் தேய்வு இருக்கிறதா என்று லென்ஸில் திரும்பப் பாருங்கள். அத்தோடு சுத்தம் செய்த காசை வெறுமனே யூஎன்சி என்று போட முடியாது. என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரப்படுத்தும் நிறுவனங்களும் அப்படிப்பட்டதற்கு எண் கொடுக்காமல் "சுத்தம் செய்யப்பட்டது" என்றே குறிப்பார்கள்.

பனைமரம்1870
"லேசாக" என்ற சொல்லும் வேண்டாம். எதனால் என்று தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் "முன்பு மினுக்கப்பட்டது, மயிரிழைக் கீறல் உண்டு, மூன்றாவது படம் பார்க்க" என்று முதல் வரியிலேயே வையுங்கள். கடைசிப் பக்கம் வைத்தால் ஒளித்ததாகத்தான் தெரியும். விட்டத்தைக் காணவில்லை.

சதக்காசு
"1957 புத்த ஜயந்தி 5 ரூபா. முன்பு மினுக்கப்பட்டது, ஒளியில் சாய்த்தால் மயிரிழைக் கீறல் தெரியும் (படம் 3). எடை 28.21 கிராம், விட்டம் 38.6 மில்லிமீற்றர், வெள்ளி 92.5 வீதம். விளிம்பு படம் 4. விலை கீழே, பதிவுத் தபால் தனி. ஸ்டிக்கர் கிழியாவிட்டால் ஏழு நாளில் திருப்பி எடுக்கப்படும். இது 1 ரூபா இல்லை, 5 ரூபா."

மஞ்சள்அட்டை
கடைசி வரி நல்லது, விட்டுவிடாதீர்கள். விலையையும் "கீழே" என்று சொல்லாமல் அங்கேயே போடுங்கள்.